வாயில்லா ஜீவனும் வாய் திறக்காத பிள்ளையும்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கேட்பதற்குச் சற்றுப் புதுமையாக இருக்கலாம். ஆடு, மாடு, குதிரை, நாய், முயல், கோழி முதலிய பிராணிகளைத் துணையாக வைத்துக்கொண்டு, பேச்சு வராத பிள்ளைகள், கை கால் சரியாக வழங்காத பிள்ளைகள், மனம் நொந்துபோன பிள்ளைகள் ஆகியோருக்குச் சிகிச்சை அளிக்கும் முறையைப் பற்றிப் பேசப் போகிறோம். "மாட்டுக் கொட்டகையில் என்ன சிகிச்சை? மாட்டுக்கு ஊசி போடுகிற வேலைதானே அங்கே நடக்கும்?" என்று லயத்துப் பாட்டிமார் கேட்பது நம் காதில் விழுகிறது. பொறுமையாகக் கேளுங்கள். பாட்டிமாருக்கு இந்தச் சங்கதி நம்மைவிட நன்றாகவே தெரியும், பெயர்தான் தெரியாது.

இந்தப் பேச்சைச் சுங்கை வேயிலிருந்து தொடங்குவது பொருத்தம். இன்று சுங்கை வே என்றால் தொழிற்சாலைகளும், கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சலும், மாடி மாடியாக எழுந்து நிற்கும் குடியிருப்புகளும்தான் நினைவுக்கு வரும். ஊரின் பெயரைக்கூட ஸ்ரீ செத்தியா என்று மாற்றிவிட்டார்கள்; ஆனாலும் நம் மக்கள் வாயில் அது சுங்கை வேதான். பக்கத்தில் இருக்கும் பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தைத் திருத்தி எழுப்பிய நகரம். தோட்டம் போன பின்னும் அந்தப் பெயரை இன்றைக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி சுமந்துகொண்டிருக்கிறது. 1970களில் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெண்பிள்ளைகள் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி ஷிப்டு வேலைக்குப் போனார்கள். பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபோது கட்டில், பீரோ, அம்மி, சாமி படம் எல்லாம் லோரியில் ஏறின. மாடு ஏறவில்லை. மாட்டை விற்றுவிட்டுத்தான் மாடிக்குப் போக முடிந்தது.

மாடு போனதால் பால் காசு போயிற்று, எரு போயிற்று என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு என்ன போயிற்று என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தச் சிகிச்சை எது, எது இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஒரு பண்ணைக்கு அழைத்துப் போய், முயலுக்குக் கீரை கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவது உல்லாசப் பயணம். அதுவும் நல்லதுதான், ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லக் கூடாது. சிகிச்சை என்றால் பயிற்சி பெற்ற ஒருவர், அதாவது உளவியலாளரோ, பேச்சுப் பயிற்சியாளரோ, உடல் இயக்கப் பயிற்சியாளரோ, சிறப்புக் கல்வி ஆசிரியரோ, முன்னால் நிற்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் இன்ன காரியம் கைவர வேண்டும் என்று ஒரு குறி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும். பிராணி அங்கே மருந்து இல்லை, மருத்துவரும் இல்லை. மருத்துவருக்கும் பிள்ளைக்கும் நடுவே பாலமாக நிற்கிறது.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் யார்க் என்ற நகரில் வில்லியம் டியூக் என்பவரின் முயற்சியால் 1796-ல் ஒரு மனநோய் இல்லம் திறக்கப்பட்டது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப்போட்டு அடித்த காலம் அது. அந்த இல்லத்திலோ சங்கிலிக்குப் பதிலாகத் தோட்ட வேலையும், முற்றத்தில் திரியும் முயலும் கோழியும் இருந்தன. தன்னைவிடச் சிறிய, தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிர் பக்கத்தில் இருந்தால் மனிதனுக்குத் தன்னடக்கம் வரும் என்று அவர்கள் கண்டார்கள். தாதிமார்களின் தாய் என்று போற்றப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு ஒரு சிறு பிராணி நல்ல துணை என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தம் நூலில் எழுதினார்.

பிள்ளைகள் பக்கம் இந்த முறையைக் கொண்டுவந்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரிடம் ஜிங்கிள்ஸ் என்று ஒரு நாய் இருந்தது. ஒரு நாள் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போன ஒரு பையனை அவனுடைய பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அழைத்து வந்துவிட்டார்கள். நாய் அறையிலேயே இருந்தது. பையனை நோக்கி ஓடிப்போய் நக்கியது. பையன் பயப்படவில்லை, அணைத்துக்கொண்டான். அடுத்தடுத்த முறைகளில் அவன் நாயோடுதான் விளையாடினான். நாயோடு வளர்ந்த பழக்கம் மெல்ல மெல்ல லெவின்சன் மீதும் படர்ந்தது. இதை அவர் மற்ற அறிஞர்கள் கூடிய சபையில் சொன்னபோது, உங்கள் கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அவர் விடவில்லை. 1962-ல் கட்டுரை எழுதினார். 1969-ல் ஒரு நூலே வெளியிட்டார்.

இது நாய். பண்ணையின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் புரூஸ்டர் என்ற ஊரில் 1947-ல் சாமுவேல் ராஸ் என்ற இளைஞர் ஒரு பழைய பண்ணையில் ஒரு சிறு உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 'பச்சைப் புகைபோக்கிகள்' என்று பொருள்படும் கிரீன் சிம்னீஸ் என்பது அதன் பெயர். பிள்ளைகளும் பிராணிகளும் ஒரே இடத்தில் வளர வேண்டும் என்பதே அவருடைய முதல் எண்ணம். சிகிச்சை என்ற பேச்சு அப்போது இல்லை. காலப்போக்கில், நகரத்துக் குடும்பங்களில் அடிபட்டும் கைவிடப்பட்டும் வந்த பிள்ளைகள், எந்தப் பள்ளியிலும் நிலைக்காத பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். 1970களில் அது முழுச் சிகிச்சை இல்லமாகவே மாறிவிட்டது. இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே என்ன செய்கிறார்கள்? வகுப்பறையில் பாடம் உண்டு. மருத்துவர், தாதி, ஆலோசகர் எல்லோரும் உண்டு. அவற்றோடு மாடு, ஆடு, செம்மறி, கோழி, குதிரை, அடிபட்ட பறவைகள் என்று ஒரு பெரிய கூட்டமும் உண்டு. பிள்ளைகள் தீனி வைக்கிறார்கள், கொட்டகை கழுவுகிறார்கள், தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். சிறகொடிந்து வந்த ஒரு கழுகையோ ஆந்தையையோ குணப்படுத்திப் பறக்கவிடும் நாளில் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வீட்டில் அடிபட்டு வந்த பிள்ளையிடம் "உன் மனத்தில் உள்ள துயரத்தைச் சொல்" என்று கேட்டால் சொல்லுமா? சொல்லாது. ஆனால் "இந்த ஆட்டுக்குட்டி ஏன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது?" என்று கேட்டால், "அதோட அம்மா அதை முட்டித் தள்ளிருச்சு" என்று சொல்லும். ஆட்டுக்குட்டியின் கதையாகத் தன் கதையைச் சொல்லிவிடும். கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். இதைத்தான் பாலம் என்று சொன்னோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வந்த விருந்தினரைத் தாங்களே அழைத்துச் சென்று பிராணிகளைப் பற்றி விளக்கிச் சொல்கிறார்கள். எப்போதும் பிறர் கையால் வாங்கியே பழகிய பிள்ளை, எப்போதும் "உனக்குத் தெரியாது, நகரு" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, ஒரு பெரியவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. நம் வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை முறை கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்கள் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஹாலந்து நாட்டில் இதை இன்னொரு வகையில் செய்கிறார்கள். அங்கே சிகிச்சைக்கென்று தனிப் பண்ணை கட்டுவதில்லை. நடந்துகொண்டிருக்கும் விவசாயியின் பண்ணைக்கே வாரத்தில் சில நாட்கள் பிள்ளைகளும், மறதி நோய் வந்த முதியவர்களும், மனம் சோர்ந்தவர்களும் போகிறார்கள். விவசாயிக்கு அதற்கு ஊதியம் உண்டு. பராமரிப்புப் பண்ணை என்று சொல்லப்படும் இவை அந்தச் சின்ன நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

தமிழ் மண்ணிலும் இது இல்லாமல் இல்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்ற அம்மையார் 1991-ல் தொடங்கிய 'டாக்டர் டாக்', அதாவது 'நாய் வைத்தியர்', என்ற திட்டத்தை அந்த அமைப்பு சென்னைக்குக் கொண்டுவந்தது. சாந்தமான நாய்களைத் தேர்ந்தெடுத்துச் சிறப்புப் பிள்ளைகளிடம் அழைத்துப் போனார்கள். சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திரத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த நாய்கள் துணையாக இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பிள்ளைகள் நூலகத்தில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறார்கள். நாய் திருத்தாது, சிரிக்காது, கடிகாரத்தைப் பார்க்காது. ஆசிரியர்களாகிய நாம் இந்த மூன்றையும் செய்கிறவர்கள் என்பதால் இந்தச் செய்தி நமக்குச் சற்று உறைக்கவே செய்கிறது.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? குதிரையை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டில் லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணிக்கு 1944-ல் இளம்பிள்ளைவாதம் வந்தது. முழங்காலுக்குக் கீழே உணர்வும் இயக்கமும் போய்விட்டன. அவர் மீண்டும் குதிரை ஏறப் பழகி, 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரைமேல் ஏற்றவும் இறக்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் குதிரை ஏற்றம் ஊனமுற்றோருக்குப் பயிற்சியாகும் என்ற எண்ணம் ஐரோப்பா முழுதும் பரவியது. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சுழன்றும் அசைகிறது. மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இதே போலத்தான். தானே நடக்க முடியாத பிள்ளையின் உடம்புக்கு நடை என்றால் என்ன என்பதைக் குதிரை தன் முதுகின் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 வயது முதல் 16 வயது வரையிலான 127 பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பத்து வாரம் கவனித்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஒரு பிரிவு குதிரை ஏறியது. மற்றப் பிரிவு அதே கொட்டகையில், குதிரை இல்லாமல், குதிரையைப் பற்றிய பாடங்களைக் கற்றது. குதிரை ஏறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் துடுக்குத்தனமும் குறைந்தன. பேசும் சொற்களும் கூடின. நல்ல செய்திதான். ஆனால் இத்துறையில் பல ஆய்வுகள் சிறியவை, சில நாட்களே நடந்தவை. ஆட்டிசம் இதனால் தீர்ந்துவிடும் என்று எந்த நேர்மையான ஆய்வாளரும் சொல்லவில்லை. "பத்து முறை அழைத்து வாருங்கள், பிள்ளை பேசிவிடும்" என்று ஒருவர் உங்களிடம் ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டால், அவரிடம் விடைபெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். ஓங்கிலோடு நீந்தினால் குணமாகும் என்று வெளிநாடுகளில் பெரும் பணம் வாங்குகிறார்கள். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை, அந்தப் பிராணிக்கும் அது சிறைவாசம்தான்.

குதிரை நம் சம்பளத்துக்கு எட்டாத காரியம். ஆகவே மாட்டுக்கே வருவோம். மாட்டைப் பற்றிப் பேசும்போது டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1947-ல் பிறந்த இவருக்கு ஆட்டிசம் உண்டு. மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. வளரும் பருவத்தில் தம் அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போனார். அங்கே மாட்டுக்கு ஊசி போடுவதற்காக இருபுறமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் ஒரு கூண்டு இருந்தது. மிரண்டு உள்ளே போகும் மாடு, அந்த அழுத்தத்தில் அமைதியாவதைப் பார்த்தார். யாராவது தொட்டாலே பதறும் அந்தப் பெண், தமக்கும் அதைப் போல ஒன்றைச் செய்துகொண்டு அதில் அமைதி கண்டார். பிற்காலத்தில் அவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தரையில் விழும் ஒரு நிழலுக்கு, தொங்கி ஆடும் ஒரு சங்கிலிக்கு, தண்ணீரில் பளிச்சிடும் வெளிச்சத்துக்கு மாடு ஏன் நின்றுவிடுகிறது என்று அவர் உலகத்துக்கு விளக்கினார்.

தோட்டத்தில் மாடு மேய்த்த தாத்தாமாருக்கு இது புதிதா? கால்வாய்ப் பாலத்தில் நிழல் விழுந்தால் செவலை அசையாது என்பதும், கொட்டகை வாசலில் தொங்கும் கோணிச்சாக்கை எடுத்தால்தான் அது உள்ளே வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே பொறுமை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வருவது. கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் "பிடிவாதம்" என்று அடிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மேளம், செவலைக்குப் பாலத்து நிழலைப் போன்றது. எது மிரட்டுகிறது என்று கண்டுபிடித்து அதை நகர்த்த வேண்டும். பிள்ளையை இழுக்கக் கூடாது.

நாம் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். ஆறு வயதாகியும் பேச்சு இல்லை. தாய் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார். பையனை யாரும் பார்க்காதபடி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பாட்டனார் இரண்டு மாடு வைத்திருந்தார். பையனை வெளியே அழைத்துவரச் சொல்லி நாம் எத்தனை முறை கேட்டும் தகப்பனார் சம்மதிக்கவில்லை. ஊரார் பேச்சுக்குப் பயம். பாட்டனார்தான் ஒரு நாள் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பிறகு தினமும் போனான். காலையில் புல்லுக்கட்டு, பிறகு தவிடும் தண்ணீரும், பிறகு சாணி வாருதல், பிறகு கன்றை அவிழ்த்தல் என்று வரிசை மாறாமல் நடக்கும் வேலை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாதி அச்சம் தீர்ந்துவிடும். சில மாதங்களில் கன்றை ஓட்ட "ஹை, ஹை" என்று சத்தம் கொடுத்தான். மாடு திரும்பிப் பார்த்தது. தான் எழுப்பும் ஒலிக்கு ஓர் உயிர் பதில் சொல்கிறது என்பதை அவன் அன்றுதான் அறிந்துகொண்டான் போலும். பேச்சின் முதல் படி அதுதான்.

ஆனால் கதை அதோடு முடிந்து, பையன் மடமடவென்று பேசிவிட்டான் என்று சொல்லமாட்டோம். பிறகு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி பல ஆண்டுகள் நடந்தது. குறைவான சொற்களோடுதான் இன்றும் பேசுகிறான். மாடு செய்த பெரிய காரியம் வேறு. பையனை வெளியே கொண்டுவந்தது. மாட்டைச் சாக்காக வைத்துத் தகப்பனாரும் மாலையில் கொட்டகைக்கு வரத் தொடங்கினார். முகத்துக்கு முகம் பார்த்துப் பேச முடியாத தகப்பனும் மகனும் மாட்டின் இருபுறமும் நின்று தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். குடும்பத்துக்கும் இது சிகிச்சை என்று வெளிநாட்டார் சொல்வது இதைத்தான்.

"போன பிறவியில் செய்த பாவம்" என்று சொல்லிப் பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதனால் ஓடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பிள்ளைக்கு நட்டம். இரண்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி ஏழு வயதில் தொடங்கினால், எத்தனை மாடு வளர்த்தாலும் ஈடுகட்டுவது கடினம். ஆகவே முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயூ அட்டை வாங்கலாம். உதவித்தொகைக்கும் பள்ளிக்கும் அந்த அட்டை வழிகாட்டும். நம் நாட்டில் 1984-ல் திரெங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள், பிடிகே என்று சொல்வார்களே, அவை இப்போது நாடெங்கும் உண்டு. சுங்கை வேக்குப் பக்கத்திலேயே, பெட்டாலிங் ஜெயாவில், மூளைவாதம் வந்த பிள்ளைகளுக்கான சங்கத்தின் பள்ளி பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. பிராணி இதற்கெல்லாம் பிறகு.

பிராணியைப் பிள்ளையிடம் விடும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. மலேசியர்களாகிய நமக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. 1998-99-ல் நம் நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் பரவிய நிப்பா நோயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். 2011-ஐ ஒட்டிப் பினாங்கில், காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்த பலருக்குப் புருசெல்லா காய்ச்சல் வந்தது. ஆகவே பால் கறந்தால் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். "பச்சைப் பாலில்தான் சத்து" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வாயில் விரல் போகக் கூடாது. நாயோ பூனையோ கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு முடி உதிரும் பிராணி ஆகாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அன்பர்களின் மனத்தையும் நினைத்துப் பார்த்து, அடுக்குமாடியில் நாய் வளர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஆடும் பூனையும் மீனும் யாருக்கும் மனத்தாங்கல் தராதவை.

பிராணியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிள்ளை காதைப் பிடித்து முறுக்கும்போது பேசாமல் நிற்கும் ஆட்டை "பாவம், எவ்வளவு பொறுமை" என்று மெச்சுகிறோம். அது பொறுமையாக இருக்காது, அச்சமாக இருக்கலாம். காது பின்னால் மடிவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வால் அடித்துக்கொள்வது எல்லாம் அதன் மொழி. மாட்டுக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. பக்கவாட்டில் நின்று, குரல் கொடுத்து, தோளைத் தொட்டு நெருங்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறர் மனத்தைப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதுவே நல்ல பாடம். மாட்டின் காதைப் பார்த்து அதன் மனத்தைப் படிக்கப் பழகிய பிள்ளை, அம்மாவின் முகத்தையும் பார்க்கத் தொடங்கலாம்.

பேச்சை முடிக்குமுன் நேயர்களிடமிருந்து வந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தாய், டவுன் சின்ட்ரோம் உள்ள தம் மகளைப் பண்டிகைச் சந்தையில் குதிரைமேல் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறார். கழுத்தெலும்பைப் பரிசோதிக்காமல் ஏற்ற வேண்டாம், அம்மா. அத்தகைய பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருக்கும், குலுங்கினால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, பயிற்சி பெற்றவர் கூட நடக்க, தலைக்கவசம் போட்டு ஏற்றலாம். அடக்க முடியாத வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை.

இரண்டாவது கேள்வி சுங்கை வே அடுக்குமாடி ஒன்றிலிருந்து வந்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஏழு வயது மகன், பேச்சு குறைவு, நாங்கள் எந்தப் பிராணியை வைப்பது என்று ஒரு தகப்பனார் கேட்கிறார். ஐயா, ஒரு கண்ணாடித் தொட்டியில் நான்கு கப்பி மீன்களில் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு சிட்டிகை தீனி, அதை மகன்தான் போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். மீனுக்கு அவனே பெயர் வைக்கட்டும். பெயர் சொல்ல வராவிட்டால் விரலால் காட்டட்டும். சனிக்கிழமை தண்ணீர் மாற்றும் வேலையை இருவருமாகச் செய்யுங்கள். பள்ளி விடுமுறையில், பந்திங் பக்கமோ கோல சிலாங்கூர் பக்கமோ உறவினர் யாராவது இன்னும் தோட்டத்தில் மாடு, ஆடு வைத்திருந்தால் ஒரு வாரம் போய்த் தங்குங்கள். முதல் நாள் மகன் கொட்டகை வாசலில் நின்று பார்க்கட்டும், அதுவே போதும். இரண்டாம் நாள் ஒரு கைப்பிடி புல்லை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். வரும் மாட்டுப் பொங்கலுக்கு அந்த மாட்டின் நெற்றியில் பொட்டு வைக்கும் வேலையை உறவுக்காரப் பிள்ளைகள் யாருக்கும் கொடுக்காமல் அவனுக்கென்று ஒதுக்கி வைக்கும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.